ஜிங்கிள்ஸும் நம்ம ஊர் பட்டி நாயும்

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் நறுக்கியிருக்கிறேன்.)

இன்னைக்கும் வரலாறுதான், ஆனா ராஜா ராணி வரலாறு இல்லை. ஒரு கல்லில் இருந்து ஆரம்பிக்கலாம்.

தருமபுரியில் இருந்து அரூர், தானிப்பாடி வழியா கிழக்கே போனா தண்டராம்பட்டு வரும். அந்தப் பக்கம்தான் எடுத்தனூர். இன்னைக்கு அது திருவண்ணாமலை மாவட்டம். ஆனா அரூர், ஊத்தங்கரை, செங்கம்னு விரியற நடுகல் பூமிக்கு மாவட்ட எல்லையெல்லாம் தெரியாது. எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். கருந்தேவக்கத்தி என்ற வீரன் தன் எருமைகளை மீட்கும் சண்டையில் இறந்துபோனான். கல்லில் அவன் உருவத்தோடு ஒரு நாயும் இருக்கிறது. கல்வெட்டு அந்த நாயின் பெயரையும் சொல்கிறது: கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துவிட்டு அங்கேயே காத்து நின்றதாம்.

செத்துப்போன எஜமானுக்குப் பக்கத்தில் நாயின் பெயரையும் வெட்ட வேண்டும் என்று 1400 வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தருக்குத் தோன்றியிருக்கிறது. சம்பளம் வாங்கின எத்தனையோ கல்தச்சர்களின் பெயர் நமக்குத் தெரியாது, பாருங்க.

ஆக, நாய் நமக்குக் காவல், வேட்டை, பட்டிக்குத் துணை என்பதெல்லாம் இந்த மண்ணில் ரொம்பப் பழைய சங்கதி. ஆனா ஒரு குழந்தையின் மனசுக்கு நாய் உதவும், அதை ஒரு சிகிச்சையாகவே யோசிக்கலாம் என்கிற எண்ணத்துக்கு வயசு அறுபது சொச்சம்தான். அந்த எண்ணம் எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது, எங்கே வியாபாரமாக ஆனது என்பதுதான் இந்த எபிசோடு.

ஏன் இப்போ இது? பாலக்கோடு பக்கத்தில் இருந்து ஒரு அக்கா மெயில் போட்டிருந்தாங்க. பையனுக்கு ஆறு வயசு, ஆட்டிசம். இன்னும் பேச்சு வரலை. லேப்ரடார் குட்டி வாங்கி விட்டா மூணு மாசத்துல பேசிடுவான்னு ஒரு வீடியோவில் பார்த்திருக்காங்க. விசாரிச்சா, "தெரபி குட்டி"ன்னு தனி விலை சொல்றாங்களாம். அவங்க வீட்டுக்காரர் ஓட்டற ஆட்டோவுக்கு இன்னும் டியூ கட்டி முடிக்கலை. "வாங்கலாமா தம்பி?" என்று ஒரே வரியில் கேட்டிருந்தாங்க. ஒரே வரியில் பதில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதான் இவ்வளவு தூரம் படித்தேன்.

முதலில் ஆட்டிசம் என்ற பெயரின் கதை. 1943-ல் அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த வருஷம் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதினார். இரண்டு பேருக்கும் முன்னாடியே, 1925-லேயே, சோவியத் ரஷ்யாவில் குரூன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் இதே மாதிரிக் குழந்தைகளைக் கூர்ந்து கவனித்து எழுதிவிட்டார். அவர் பெயரைப் பாடப்புத்தகங்கள் ரொம்ப நாள் கண்டுகொள்ளவே இல்லை. அது தனி எபிசோடுக்கான விஷயம்.

கேனர் கவனித்ததில் ஒன்று எனக்கு முக்கியமாகப் பட்டது. இந்தக் குழந்தைகள் பொருட்களோடு நல்லா உறவாடுகிறார்கள், மனுஷங்களோடு உறவாடத்தான் சிரமப்படுகிறார்கள் என்றார். சரி, நாய் இதில் எந்தப் பக்கம்? அது பொருளும் இல்லை, மனுஷனும் இல்லை. அந்த நடுவாந்திர இடம்தான் பிற்பாடு பெரிய விஷயமாக ஆகப்போகிறது.

ஆனால் அதற்கு நடுவில் ஒரு கெட்ட காலம் வந்தது. குழந்தை இப்படி இருக்கக் காரணம் அன்பு காட்டாத அம்மாதான் என்று ஒரு கோட்பாடு கிளம்பியது. "குளிர்சாதனப் பெட்டி அம்மா" என்றே அதற்குப் பெயர். புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல் எழுதிய புத்தகம் அதை ஊர் முழுக்கப் பரப்பியது. பெர்னார்ட் ரிம்லேண்ட் என்ற உளவியலாளர், தானே ஓர் ஆட்டிசக் குழந்தையின் அப்பா, 1964-லேயே இது மூளையின் வளர்ச்சி சம்பந்தப்பட்டது, வளர்ப்பின் குற்றமில்லை என்று புத்தகம் போட்டு வாதாடியிருந்தார். அந்த வாதம் ஜெயிக்கப் பல வருஷம் ஆனது. நம்ம ஊரில் முழுசா ஜெயித்துவிட்டதா? "நீ போனையே பார்த்துக்கிட்டு இருந்த, அதான் புள்ள பேசலை" என்று எந்த மாமியாரும் இப்போ சொல்வதில்லையா? பெட்டல்ஹைம் பெயரைக் கேள்விப்படாமலே அவர் கட்சியில் இருப்பவர்கள் நம்மிடையே நிறைய.

அம்மாக்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தின அதே காலத்தில், நியூயார்க்கில் போரிஸ் லெவின்சன் என்ற குழந்தை உளவியலாளர் வேலை பார்த்தார். யெஷிவா பல்கலைக்கழகப் பேராசிரியர். அவரிடம் ஜிங்கிள்ஸ் என்று ஒரு நாய் இருந்தது. 1950-களில் ஒருநாள் ஒரு குடும்பம் குறித்த நேரத்துக்கு ரொம்ப முன்னாடியே வந்துவிட்டது. பையன் யாரோடும் ஒட்டாமல் உள்ளுக்குள்ளேயே ஒடுங்கிப்போனவன். பல இடங்களில் வைத்தியம் பார்த்துப் பலன் இல்லாமல் வந்திருந்தார்கள். வழக்கமாக நோயாளிகள் வரும் நேரத்தில் ஜிங்கிள்ஸ் அறையில் இருக்காது. அன்றைக்கு இருந்தது. ஓடிப்போய்ப் பையனை நக்கியது. அவன் பயப்படவில்லை, நாயைக் கட்டிக்கொண்டான். கிளம்பும்போது, திரும்ப வந்து நாயோடு விளையாடலாமா என்று கேட்டான்.

அடுத்தடுத்த சந்திப்புகளில் பையன் நாயோடுதான் விளையாடினான். டாக்டர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவரையும் விளையாட்டில் சேர்த்துக்கொண்டான். இதைப் பிற்பாடு எழுதின பலர் பையனுக்கு ஆட்டிசம் என்றே எழுதிவிட்டார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஆனா லெவின்சன் கண்டுபிடித்த வேலைமுறை முக்கியம்: நாய் மருந்து இல்லை, பாலம். ஓர் ஆளை நேருக்கு நேராகப் பார்ப்பது கஷ்டமாக இருக்கும் குழந்தை, தானும் அந்த ஆளும் சேர்ந்து பார்க்கும் மூன்றாவது ஒன்று நடுவில் இருந்தால் கொஞ்சம் இளகுகிறது.

1961-ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் கூட்டத்தில் இதைச் சொன்னபோது சிரித்தார்கள். உங்க ஃபீஸில் நாய்க்கு எத்தனை சதவீதம் என்று கேட்டவர்களும் உண்டு. 1962-ல் நாயை "இணை சிகிச்சையாளர்" என்று தலைப்பிலேயே போட்டுக் கட்டுரையை வெளியிட்டார், 1969-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். சிக்மண்ட் ஃபிராய்டும் தன் கடைசிக் காலத்தில் ஜோஃபி என்ற சௌ நாயைச் சிகிச்சை அறையில் பக்கத்தில் வைத்திருந்தார். அதற்கெல்லாம் முன்னாடி, 1796-ல் இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் திறந்த மனநல இல்லத்தின் முற்றங்களில் முயலும் கோழியும் திரிய விட்டிருந்தார்கள். ஆக, லெவின்சன் வானத்தில் இருந்து குதித்தவர் இல்லை. ஆனா அதை எழுதி, பெயர் வைத்து, கேலியையும் வாங்கிக்கொண்டவர் அவர்தான்.

இனி கொஞ்சம் வேகமாகப் போவோம். 1989-ல் ரெடிஃபெர், குட்மன் என்ற இருவர் ஆட்டிசம் உள்ள 12 குழந்தைகளிடம் நாயோடு சேர்ந்த சிகிச்சையைச் சோதித்தார்கள். குழந்தைகள் தனக்குள் ஒதுங்குவது குறைந்தது, மற்றவர்களோடு ஈடுபடுவது கூடியது. 12 பேர் ரொம்பச் சின்ன எண்ணிக்கை. ஆனா ஏதோ இருக்கிறது என்று காட்டியது.

பெரிய திருப்பம் 1996-ல் கனடாவில். ஒன்டாரியோ மாகாணத்தில் நேஷனல் சர்வீஸ் டாக்ஸ் என்ற அமைப்பு ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கென்றே நாய்களைப் பழக்க ஆரம்பித்தது. பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டி நாய் மாதிரி. இதில் முதல் வேலை பாசம் இல்லை, பாதுகாப்பு. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகள் திடீர்னு கையை உதறிவிட்டு ஓடிவிடுவார்கள். ரோடு, கிணறு எதுவும் கண்ணில் படாது. பழக்கப்பட்ட நாயின் மேலங்கியில் ஒரு வார், அதன் மறுமுனை குழந்தையின் இடுப்பில். குழந்தை ஓடினால் நாய் அப்படியே கால் ஊன்றி நின்றுவிடும். கட்டளை கொடுப்பது பெரியவர் கையில். ஒரு அம்மா பல வருஷம் கழித்து முதல் தடவையாகக் கடைவீதிக்குப் பையனோடு போக முடிவது என்றால் என்ன அர்த்தம் என்று, விவசாயக் கிணற்றுக்குப் பக்கத்தில் வீடு இருக்கிற நம்ம ஊர் அம்மாவுக்கு விளக்கவே வேண்டாம்.

அப்புறம் 2010-ல் மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வு. இது எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏன்னா நம்ம சாஃப்ட்வேர் வேலை மாதிரியே செய்திருக்கிறார்கள். 42 குழந்தைகள். காலையில் எழுந்ததும் உடம்பில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறும். மன அழுத்தத்தோடு சம்பந்தப்பட்டது. அதை எச்சிலில் அளந்தார்கள். வீட்டுக்கு நாய் வருவதற்கு முன் அந்தக் காலை ஏற்றம் 58 சதவீதம். நாய் வந்த பிறகு 10 சதவீதம். அடுத்து நாயைக் கொஞ்ச நாள் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஏற்றம் 48 சதவீதத்துக்குப் போய்விட்டது. டெப்ளாய் பண்ணி, ரோல்பேக் பண்ணி, மெட்ரிக் திரும்பினதைக் காட்டிட்டாங்க. அந்தச் சில நாளுக்கு நாயைப் பிரிந்த பிள்ளைகளை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது, ஆனா ஆதாரம் என்றால் அப்படித்தான் வரும்.

அதே சமயம் நாள் முழுக்க இருக்கும் சராசரி கார்ட்டிசால் அளவு மாறவில்லை. இதை வீடியோ போடறவங்க சொல்ல மாட்டாங்க. இன்னொன்று, அவை பல மாதம் பழக்கப்பட்ட நாய்கள். குட்டி இல்லை.

அப்போ சாதாரண வீட்டு நாய்? 2012-ல் பிரான்ஸில் மரீன் கிராண்ட்ஜார்ஜ் குழு பார்த்தது அதைத்தான். நாய், பூனை, வெள்ளெலி எல்லாம் சேர்த்து. குழந்தைக்கு ஐந்து வயசு தாண்டிய பிறகு வீட்டுக்குப் புதிதாக ஒரு பிராணி வந்திருந்தால், இரண்டு விஷயங்களில் முன்னேற்றம் தெரிந்தது: தன்னிடம் இருப்பதைப் பகிர்ந்துகொள்வது, வருத்தப்படுகிறவரை ஆறுதல்படுத்துவது. பிறந்ததில் இருந்தே வீட்டில் பிராணி இருந்த குழந்தைகளிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. புதிதாக ஒன்று வருகிறது, வீடே அதைப் பற்றிப் பேசுகிறது, குழந்தையையும் அதில் இழுக்கிறது. காரணம் அதுவாக இருக்கலாம் என்பது என் ஊகம். எண்ணிக்கை இதிலும் சின்னதுதான். 2013-ல் மார்கரீட் ஓஹேர் அதுவரை வந்திருந்த 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னதும் இதுதான்: நம்பிக்கை தருகிறது, ஆனால் ஆய்வுகளின் தரம் போதாது.

பேச்சு வரும் என்று இதில் எந்த ஆய்வாவது உறுதி கொடுத்ததா? இல்லை.

இப்போ நம்ம பக்கம். ஹாங்காங்கில் ஜில் ராபின்சன் என்ற ஆங்கிலேயப் பெண் 1991-ல் மேக்ஸ் என்ற தன் கோல்டன் ரெட்ரீவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் "டாக்டர் டாக்" என்ற திட்டத்தை ஆரம்பித்தார். நாயைக் கேவலமாக நினைக்கிற ஊர்களில் அதன் மதிப்பை மாற்றுவதும் அவர் நோக்கம். இந்தத் திட்டம் ஆசியாவின் பல நாடுகளுக்குப் பரவி, சென்னைக்கும் வந்தது. 1959-ல் கேப்டன் சுந்தரம் குடும்பத்தார் தொடங்கிய புளூ கிராஸ்தான் அதை எடுத்துச் செய்தது. சி.பி. ராமசாமி ஐயர் அறக்கட்டளை நடத்தும் சரஸ்வதி கேந்திராவில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு நாய்கள் நேரம் செலவழித்தன. லெவின்சனின் அறை எல்டாம்ஸ் ரோடு வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் கவனிக்க வேண்டியது, எல்லா நாயையும் சேர்த்துக்கொள்வதில்லை. சத்தத்துக்கு மிரளாமல், வாலை இழுத்தாலும் சீறாமல் இருக்குமா என்று சோதித்துத்தான் எடுப்பார்கள்.

சட்டம் இன்னும் மெதுவாக வந்தது. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைகள், அதில் ஆட்டிசம் இல்லை. 1999-ல் வந்த நேஷனல் டிரஸ்ட் சட்டத்தில்தான் அந்தப் பெயர் முதலில் ஏறியது. 2016 சட்டத்தின் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்ந்தது. நம்ம அரசுத் தமிழில் இதற்கு "புற உலகச் சிந்தனையற்றோர்" என்று ஒரு மொழிபெயர்ப்பு உண்டு. எந்தப் புண்ணியவான் வைத்தாரோ. பஸ் ஸ்டாண்டில் நிற்கும் அத்தனை பஸ்ஸின் நம்பரையும் ஒப்பிக்கிற பிள்ளைக்குப் புற உலகச் சிந்தனை இல்லையாம்.

இனி பாலக்கோடு அக்காவின் கேள்வி. தருமபுரியில் இருந்து சென்னை சுமார் 300 கிலோமீட்டர். வாரம் ஒரு தடவை டாக்டர் டாக் பார்க்கப் போக முடியாது. பழக்கின சர்வீஸ் நாய்க்கு வெளிநாட்டில் ஆகும் செலவு நம்ம கணக்கிலேயே வராது. பிரிட்டனிலும் இதே பிரச்சினை வந்தது, காத்திருப்போர் பட்டியல் நீண்டுகொண்டே போனது. அங்கே டாக்ஸ் ஃபார் குட் என்ற அமைப்பு வேறு வழி யோசித்தது: பெற்றோருக்குப் பட்டறை நடத்தி, வீட்டு நாயையே எப்படிப் பழக்குவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். நமக்குப் பொருந்தக்கூடியது இந்த வழிதான் என்று நினைக்கிறேன்.

அதனால் அக்கா, "தெரபி குட்டி"க்குக் காசு கொடுக்காதீங்க. குட்டி என்றால் கடிக்கும், கத்தும், ராத்திரி அழும். காதில் விழும் சத்தமே வலியாக இருக்கிற பிள்ளைக்கு அது தண்டனை. முதலில் தெரிந்தவர் வீட்டில், மூணு நாலு வயசு தாண்டின, சாதுவான ஒரு நாயைப் பாருங்க. தடுப்பூசி போட்ட நாயா என்று கேட்டுக்கோங்க. அது கட்டியிருக்கும்போது தூரத்தில் இருந்து பத்து நிமிஷம். பையன் காதைப் பொத்துகிறானா, கிட்டே போகப் பார்க்கிறானா? பிடிக்கவில்லை என்றால் அதோடு விட்டுடுங்க. நாய் பிடிக்காத ஆட்டிசக் குழந்தைகள் எத்தனையோ பேர், அதில் எந்தக் குறையும் இல்லை.

பிடித்திருந்தால், நாட்டு நாயே போதும். நம்ம பக்கம் மாட்டுக் கொட்டகை ஓரமாகக் களி உருண்டை தின்றுவிட்டுப் படுத்திருக்கிற நாய்க்கு ஏ.சி. வேண்டாம், ஷாம்பூ வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் அதற்குத் தட்டு வைப்பது பையன் வேலை என்று ஆக்குங்க. ஒரே மாதிரி திரும்பத் திரும்ப நடப்பது அவனுக்குப் பிடிக்கும், நாய்க்கும் பிடிக்கும். "ஏன்டா இதையே பண்ற" என்று நாய் ஒருநாளும் கேட்காது. முகத்தில் ஒன்று, மனசில் ஒன்று என்ற பழக்கமும் அதுக்கு இல்லை. சந்தோஷம் என்றால் உடம்பு முழுக்க ஆடும். மனுஷ முகத்தைப் படிக்கச் சிரமப்படுகிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

ஆனா இரண்டு பேரையும் தனியாக விடக் கூடாது. நாய் கொட்டாவி விட்டு, உதட்டை நக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டால் "போதும்" என்று அர்த்தம். பையன் பின்தொடர முடியாத ஒரு இடம் அதற்கு வேண்டும். இரண்டு நடுகல்லுக்கான வீரமெல்லாம் அதனிடம் எதிர்பார்க்காதீங்க, அதுவும் ஒரு உயிர்.

ரேபிஸ் விஷயம் இதில் பெரிசு. பேசுகிற பிள்ளை "நாய் பிராண்டிடுச்சு" என்று அழுதுகொண்டு வரும். உங்க பையன் சொல்ல மாட்டான். அதனால் தினமும் குளிப்பாட்டும்போது கை, கால், முதுகு பார்க்கணும். சின்னக் கீறலாக இருந்தாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம். தெரு நாயாக இருந்தாலும் சரி, நம்ம நாயாக இருந்தாலும் சரி. நம்ம நாய்க்கு வருஷா வருஷம் கால்நடை மருந்தகத்தில் ஊசி.

பேச்சுக்கு ஸ்பீச் தெரபிதான். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்று வைத்திருக்கிறார்கள். ஆட்டிசமும் அதில் அடக்கம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் போய் அதைக் கேளுங்க. ஒரு தடவை போய் ஆள் இல்லை என்றால் மறுபடியும் போங்க. குட்டிக்கு ஒதுக்கின காசு அந்த பஸ் செலவுக்கு ஆகட்டும்.

கடைசியா ஒன்று, இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் இருக்கும். இப்போ ஆறு வயசு பையனுக்குப் பதினெட்டு நெருங்கும்போது அது போய்விடும். தட்டு வைக்கிற நேரம் வரும், நாய் இருக்காது. அதற்கு வயசாகும்போதே படங்கள் வரைந்து, போட்டோ காட்டி அவனுக்குச் சொல்லிக்கொண்டே வரணும். புதைத்த இடத்தைக் காட்டணும். வீட்டுப் பின்னாடி இடம் இருந்தால் ஒரு கல்லும் நட்டு, பெயரை எழுதி வையுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.